உறைந்த ஆற்றின் மேல் ஓர் ஊர்

1607 மார்ச் மாதம் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஏலம் நடந்தது. ஹில்லிஸ் வான் கோனின்க்ஸ்லோ என்ற நிலக்காட்சி ஓவியர் அந்த ஆண்டின் தொடக்கத்தில் இறந்துபோயிருந்தார். அவர் விட்டுப்போன ஓவியங்களும் கோட்டோவியங்களும் ஒவ்வொன்றாக விலைபோயின. யார் எதை வாங்கினார்கள் என்று எழுதிவைத்த பட்டியல் இன்றும் இருக்கிறது. வாங்கியவர்களில் ஓர் இளைஞரின் பெயரை எழுத்தர் எழுதவில்லை. பீட்டர் இசாக்ஸ் வீட்டு ஊமை என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அந்த இளைஞர் ஹென்ட்ரிக் ஆவர்காம்ப். அப்போது அவருக்கு வயது 22. வாய் பேசாதவர்; காதும் கேட்காதவராக இருந்திருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். டென்மார்க்கில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் தொழில் செய்த பீட்டர் இசாக்ஸிடம் அவர் ஓவியம் கற்றுக்கொண்டிருந்தார். இசாக்ஸ் வரைந்தவை வரலாற்றுக் காட்சிகளும் உருவப்படங்களும். சீடர் அந்தப் பக்கமே போகவில்லை. ஏலத்தில் காசு கொடுத்து நிலக்காட்சிக் கோட்டோவியங்களை வாங்கினார். ஆசிரியர் வீட்டில் கிடைக்காத பாடத்தை அவர் வெளியிலிருந்து தேடிக்கொண்டார் என்று நான் இதைப் படிக்கிறேன்.

அவருடைய புகழ்பெற்ற ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. நெதர்லாந்துக்குப் போகக் கிடைத்த வாய்ப்பில் நான் முதலில் தேடிப்போனது அதைத்தான். பிப்ரவரி மாதம். வெளியே ஊசிபோல் குத்தும் மழை, பனி இல்லை. அருங்காட்சியகத்தின் அடியில் ஓடும் வளைவுப் பாதையில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தன. உள்ளே ரெம்ப்ராண்ட் முன்னால் கூட்டம் நெருக்கியடித்தது. ஆவர்காம்ப் முன்னால் இரண்டு மூன்று பேர்தான். ஆனால் அங்கே வந்து நின்றவர்கள் சட்டென்று நகரவில்லை.

ஸ்கேட்டிங் செய்வோருடன் ஒரு பனிக்கால நிலக்காட்சி என்பது படத்தின் பெயர். ஏறத்தாழ 1608இல் ஓக் பலகையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. அகலம் 132 சென்டிமீட்டர், உயரம் 77. அளவு பெரிதில்லை, அதற்குள் நூற்றுக்கணக்கான மனிதர்கள் இருக்கிறார்கள். மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் ஓவியர் நம்மை உயரத்தில் நிறுத்திவிடுகிறார். கீழே நீர் முழுக்க உறைந்து தெருவாகிவிட்டது. ஊர் மொத்தமும் அதன் மேல் இறங்கியிருக்கிறது. தேரோட்ட நாளில் மாடவீதியை மொட்டைமாடியிலிருந்து பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி உடனே பிடிபடும்: கூட்டம் என்று ஒன்று தெரியும், அடுத்த கணம் கூட்டம் கலைந்து ஆள் ஆளாகத் தெரியும்.

நான் இடது மூலையிலிருந்து தொடங்கினேன். அங்கே குளிரில் செத்துப்போன குதிரையின் உடலை ஒரு நாயும் காக்கைகளும் கடித்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் பறவைப்பொறி. பழைய கதவு ஒன்றைக் குச்சியால் முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். இரைக்காகப் பறவை உள்ளே வந்ததும் கயிற்றை இழுத்தால் கதவு மேலே விழும். 1565இல் பிளெமிஷ் ஓவியர் பீட்டர் புரூகல் வரைந்த பனிக்காட்சியில் இதே பொறி உண்டு. ஆவர்காம்ப் அதை மறைக்காமல் எடுத்து வைத்திருக்கிறார். சற்று மேலே செங்கல் கட்டடம், மதுவடிப்பகம். அதன் முன்னால் பனியில் துளை போட்டுத் தண்ணீர் இறைக்கிறார்கள். குளிர்காலத்திலும் பீர் காய்ச்சியாக வேண்டும். அந்தக் கட்டடத்தில் ஆண்ட்வெர்ப் நகரத்தின் சின்னம் தொங்குகிறது.

அங்கிருந்து கண் நடுவே நகர்ந்தால் விலையுயர்ந்த உடையில் கைகோத்துச் சறுக்கும் கனவான்கள், கோலால் தரையை உந்திச் சறுக்குவண்டியில் போகிறவர்கள், நாணல் கட்டைத் தலையில் சுமந்து போகிறவர்கள், வளைந்த மட்டையால் பந்தடிக்கிறவர்கள். பந்தடிப்பது கோல்ஃப் ஆட்டத்தின் மூதாதை. தடுக்கி விழுந்தவர்களும் ஏராளம். ஒரு பெண் விழுந்ததில் பாவாடை மேலேறிப் பின்புறம் வெளியே தெரிகிறது. அவளைத் தூக்க யாருக்கும் அவகாசம் இல்லை. ஓரத்தில் ஒருவர் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார். ஒரு வைக்கோல் மறைவில் ஒரு ஜோடி. எதையும் அவர் விலக்கவில்லை, எதையும் பெரிதாக்கிக் காட்டவும் இல்லை. பிரபுவுக்கு ஒதுக்கிய அதே இரண்டு விரற்கடை இடத்தைத்தான் விறகு சுமப்பவருக்கும் ஒதுக்கியிருக்கிறார்.

மூக்கு பலகையில் இடித்துவிடுமோ என்று காவலர் பார்க்கும் அளவுக்கு நெருங்கிப்போய்த் தூரத்து மனிதர்களைப் பார்த்தேன். தலைக்கு ஒரு பொட்டு, உடலுக்கு ஒரு தீற்று, கால்களுக்கு மயிரிழை போல இரண்டு கோடு. அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஆள் சறுக்கத் தெரிந்தவரா, இன்றைக்குத்தான் கற்றுக்கொள்கிறாரா என்பது தெரிந்துவிடுகிறது. தெரிந்தவர் முன்னால் சாய்ந்து ஒரு காலைப் பின்னே விடுகிறார். தெரியாதவரின் முழங்கால் விறைத்து நிற்கிறது, கைகள் இரண்டும் பக்கத்தில் விரிந்திருக்கின்றன. தூரம் போகப் போக நிறம் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு மங்கலில் கரைகிறது. வானம் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வண்ணத்தை மெல்லியதாகப் பூசுவது அவர் வழக்கம்.

வலது ஓரத்தில் ஒரு மரக்கொட்டகை. அதன் பலகைச் சுவரில் சிறுவர்கள் கிறுக்குவதுபோல ஒரு பெயர் எழுதியிருக்கிறது. ஹென்ரிகுஸ் ஆவ். ஏலப்பட்டியலில் பெயரில்லாமல் போனவர், அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ, தானே வரைந்த சுவரில் தானே எழுதிக்கொண்ட பெயர். பின்னாளில் ஆங்கில எச்சும் ஏயும் ஒன்றோடொன்று பிணைந்த முத்திரைதான் அவர் படங்களில் வருகிறது. இந்தக் கொட்டகைச் சுவரில்தான் அவர் தன்னைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

ஆவர்காம்பைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்வதைப் படித்திருக்கிறேன். அவருக்குக் காது கேட்காது, ஆகவே ஒலியை விழுங்கும் பனிக்காலத்தை வரைந்தார், அவர் படங்களில் மௌனம் நிறைந்திருக்கிறது என்பார்கள். எனக்கு இது ஒப்புக்கொள்ள முடியாத பேச்சு. அந்தப் பலகையில் மௌனம் எங்கே இருக்கிறது? விழுகிறவர்கள், கூப்பிடுகிறவர்கள், பேரம் பேசுகிறவர்கள், நாய்கள், இரும்பு பதித்த சறுக்குக்கட்டைகள் பனியைக் கீறும் ஓசை. ஒரு ஊர் எழுப்பக்கூடிய அத்தனை இரைச்சலும் அங்கே இருக்கிறது. ஊனத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு ஏற்றபடி ஓவியத்தை வளைப்பதால்தான் இந்தப் பேச்சு வருகிறது. காது போனால் கண் கூர்மையாகிவிடும் என்பதும் அப்படிப்பட்ட வசனம்தான். கூர்மை பழக்கத்தால் வருவது.

என் சித்தப்பா ஒருவர் பிறவியிலேயே காது கேளாதவர். கும்பகோணத்தில் தையல்கடை வைத்திருந்தார். கடைக்குள் வருகிற ஆளின் நடையைப் பார்த்தே எந்தத் தோள் இறக்கம் என்று சொல்லிவிடுவார். வாடிக்கையாளர்கள் இதைக் கடவுள் கொடுத்த வரம் என்பார்கள். பத்து வயதிலிருந்து காஜா எடுத்துப் பட்டன் தைத்துப் பழகிய கையும் கண்ணும் அது என்று வீட்டில் இருந்த எங்களுக்குத் தெரியும். வரம் என்று யாராவது சைகையில் காட்டினால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும். ஆவர்காம்பின் கோட்டோவியங்களைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கோபம் நியாயம் என்று பட்டது. மீனவர்கள், பால்காரிகள், சறுக்குவண்டி தள்ளுகிறவர்கள் என்று ஆட்களைத் தனித்தனியே பேனாவால் வரைந்து நீர்வண்ணம் பூசியிருக்கிறார். அவற்றில் சில தனிப் படங்களாகவே விற்பனைக்குப் போயின; சேகரிப்பாளர்கள் ஆல்பத்தில் ஒட்டிவைத்தார்கள். சில உருவங்களைப் பலகை ஓவியங்களில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார். ஒரு ஓவியத்தில் முதுகு காட்டி நிற்கும் கனவான் இன்னொன்றிலும் வந்து நிற்பார். தொழில் தெரிந்தவரின் சிக்கனம் அது. இந்தக் கோட்டோவியங்களில் பெரிய தொகுப்பு ஒன்று இன்று இங்கிலாந்தில் வின்ஸர் அரண்மனையில் இருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமின் பழைய கோயில் என்று அழைக்கப்படும் அவுட கெர்க், இன்றைய நகரத்தின் மிக ஆரவாரமான பகுதிக்கு நடுவே நிற்கிறது. அங்கேதான் 1585 ஜனவரி 27 அன்று ஹென்ட்ரிக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். ரெம்ப்ராண்டின் மனைவி சஸ்கியாவை அடக்கம் செய்ததும் இங்கேதான். மரத்தாலான உயர்ந்த கூரை. நான் போன நேரம் உள்ளே குளிர் வெளியை விட அதிகமாக இருந்தது.

1585 அந்த நாட்டுக்கு ஒரு திருப்புமுனை. அந்த ஆகஸ்டில் ஆண்ட்வெர்ப் ஸ்பானியப் படையிடம் விழுந்தது. புராட்டஸ்டண்ட் சமயத்தவர் பலர் வடக்கே ஓடிவந்தார்கள். வணிகர்கள், நெசவாளர்கள், அச்சிடுவோர், கூடவே ஓவியர்கள். புரூகல் தொடங்கிவைத்த பனிக்காட்சி மரபு அவர்கள் மூட்டையில் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தது. கோனின்க்ஸ்லோ அப்படி ஊர் ஊராகப் போய்க் கடைசியில் இங்கே வந்தவர். டேவிட் ஃபின்க்போன்ஸின் குடும்பமும் அப்படி வந்ததுதான். இளம் ஆவர்காம்ப் கற்றது இந்த அகதிகளிடமிருந்து. மதுவடிப்பகத்தில் தொங்கும் ஆண்ட்வெர்ப் சின்னத்துக்கு அந்தக் கடனைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இயற்கையும் தன் பங்கைச் செய்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நீடித்த குளிர்ச்சியை வானிலை வரலாற்றாளர்கள் சிறு பனியுகம் என்கிறார்கள். அதிலும் 1607–08 குளிர்காலம் கொடுமையானது. ஆறுகளும் கால்வாய்களும் வாரக்கணக்கில் உறைந்துகிடந்தன. படகுப் போக்குவரத்து நின்றது. ஏழைகள் விறகுக்கு அல்லாடினார்கள். அதே பனி வசதி உள்ளவர்களுக்கு விளையாட்டுத் திடலாகியது. குதிரையின் பிணமும் பட்டுச்சட்டையும் ஒரே பலகையில் இருப்பது அந்தக் குளிர்காலத்தின் உண்மை.

ஆவர்காம்ப் வளர்ந்த ஊரான காம்பன் போவதற்கு முன் த ஹேக் நகரத்துக்கு ரயில் ஏறினேன். மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் ஆவர்காம்பின் இன்னொரு பனிக்காட்சி இருக்கிறது. ஏறத்தாழ 1610இல் வரைந்தது, அகலம் 71 சென்டிமீட்டர், உயரம் அதில் பாதி. ஆம்ஸ்டர்டாம் படத்தில் நம்மை மாடியில் நிறுத்தியவர், ஆண்டுகள் போகப் போகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். பிற்காலப் படங்களில் தொடுவானம் தாழ்கிறது, வானம் அகல்கிறது, நாமும் பனித்தரையில் அவர்களோடு நிற்கிறோம். எனக்கு அந்த முதல் உயரம்தான் பிடித்திருக்கிறது. அதில் ஊர் முழுவதையும் ஒரு மூச்சில் அள்ளிவிடும் ஆசை தெரிகிறது.

த ஹேக் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யோஹன்னஸ் தோபாஸ் என்ற ஓவியரின் படம் ஒன்று அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1626 வாக்கில் பிறந்தவர். ஆவர்காம்ப் இறக்கும்போது சிறுவன். அவரும் காது கேளாதவர், வாய் பேசாதவர். அவர் தொழில் உருவப்படம். ஈயமுனைக் கோலால் பதப்படுத்திய தோலின் மேல் நகத்தளவு சரிகையையும் விடாமல் வரைந்தார். அக்காலச் சட்டத்தின் கண்ணில் அவர் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளத் தகுதியற்றவர். ஆயுள் முழுக்கப் பாதுகாவலர் பொறுப்பில் வாழ்ந்தார். ஊரின் பணக்காரர்கள் தங்கள் முகத்தை வரைந்துதர அவரிடம் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட மட்டும் அவருக்கு உரிமை கிடையாது. மௌரிட்ஸ்ஹௌஸில் இருப்பது 1682இல் வரைந்த, இறந்த சிறுமி ஒருத்தியின் படம். வண்ணத்தில் அவர் செய்ததாகத் தெரிந்த ஒரே படைப்பு. 2014இல் அவருக்கென்று தனிக் கண்காட்சி நடக்கும் வரை கலை வரலாற்றில் அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

பேச்சில்லாதவரைச் சட்டம் இப்படி நடத்தியது ரோமானியர் காலத்துப் பழக்கம். பிறவியிலேயே காதும் வாயும் அற்றவர் உயில் எழுத முடியாது என்று ஜஸ்டினியன் தொகுத்த சட்டம் சொன்னது. ஐரோப்பிய நீதிமன்றங்கள் அதை நூற்றாண்டுக்கணக்கில் தூக்கிச் சுமந்தன. நெதர்லாந்தில் காது கேளாதோருக்கான முதல் பள்ளியை ஹென்றி டேனியல் ஹூயோ க்ரோனிங்கன் நகரில் தொடங்கியது 1790இல்தான். டச்சு சைகை மொழிக்குச் சட்ட அங்கீகாரம் 2021இல் கிடைத்தது. ஆவர்காம்ப் அந்தப் பள்ளிக்கு 200 ஆண்டு முந்தியவர்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஸ்வோல்லெ போகும் ரயில் ஃப்ளெவோலாந்து வழியாக ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே அளவெடுத்து வெட்டியது போன்ற வயல்கள், நேர்கோட்டில் வாய்க்கால்கள், காற்றாலைகள். ஆவர்காம்ப் காலத்தில் இது கடல். ஸௌடர்ஸே என்ற உள்கடல். 1932இல் அதன் வாயை முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமான அணையால் அடைத்து, பிறகு பகுதி பகுதியாக நீரை இறைத்து நிலமாக்கினார்கள். ஆம்ஸ்டர்டாமுக்கும் காம்பனுக்கும் இடையே அவர் போய்வந்தபோது நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே பாய்மரப் படகு போயிருக்கும். ஸ்வோல்லெயில் இறங்கிக் குட்டி ரயிலில் மாறினால் சுமார் 13 கிலோமீட்டரில் பாதை முடிந்துவிடுகிறது. காம்பன் ஸ்டேஷன் ஆற்றின் இக்கரையில். ஊர் அக்கரையில்.

நடுவில் ஐஸல் ஆறு. ரைன் நதியின் கிளை. தங்கமுலாம் பூசிய பெரிய சக்கரங்கள் உச்சியில் மின்னும் தூக்குப்பாலத்தின் மேல் நடந்து ஊருக்குள் போக வேண்டும். பாலத்தின் நடுவே நின்று பார்த்தால் ஊரின் முகப்பு ஒரே வரிசையில் தெரிகிறது. கோபுரங்கள், செங்கல் வீடுகள், கரையோரம் கட்டியிருக்கும் பழைய சரக்குப் படகுகள். இடதுபுறம் தள்ளி உருண்டைக் கோபுரங்களோடு கோர்ன்மார்க்ட்ஸ்போர்ட் என்ற கோட்டைவாசல், அதன் பின்னால் பெரிய கோயில். ஹன்சா வணிகக் கூட்டணியில் ஒருகாலத்தில் பேர்பெற்ற துறைமுகம் இது. ஆற்றின் வாய் மணல்மேடிட்டு, போரும் சேர்ந்துகொள்ள, ஹென்ட்ரிக்கின் குடும்பம் இங்கே குடியேறியபோதே காம்பனின் பெரிய நாட்கள் முடிந்துவிட்டன.

அவர்கள் வந்தது 1586இல். தந்தை பாரென்ட் ஆவர்காம்ப் நகர மருந்தாளுநராக வேலைக்கு அமர்ந்தார். அக்கால மருந்துக்கடையில் கஷாயமும் களிம்பும் மட்டும் விற்கவில்லை. மிளகு, கிராம்பு, சர்க்கரை, கூடவே ஓவியர்களுக்கு வேண்டிய நிறப்பொடிகளும் மருந்துக்கடைச் சரக்குதான். ஈயவெள்ளை, சிந்தூரம், அவுரி நீலம். கல்வத்தில் பொடி அரைபடுவதைப் பார்த்து ஒரு பிள்ளை வளர்வது ஓவியத்தொழிலுக்கு மோசமான தொடக்கம் இல்லை. தாய் பேயாட்ரிக்ஸ் ஆம்ஸ்டர்டாம் லத்தீன் பள்ளித் தலைமையாசிரியரின் மகள். 1602இல் பிளேக் நோயில் தந்தை இறந்தார். தாய் கடையை விடாமல் நடத்தினார், பிள்ளைகளை வளர்த்தார். பேசாத மூத்த மகனை ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பித் தொழில் கற்கவைக்கும் துணிவு அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்டிருந்தாலும் அன்றைக்கு யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1613–14 வாக்கில் ஹென்ட்ரிக் காம்பனுக்குத் திரும்பிவிட்டார். அதே காலத்தில்தான் 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. ஆம்ஸ்டர்டாமின் செல்வம் பெருகியதில் நம் கரையின் துணிகளுக்கும் பங்குண்டு. அந்தச் செல்வம் பெருகியதால்தான் அங்கே கடைக்காரரும் மதுவடிப்பவரும் சுவரில் ஓவியம் மாட்டினார்கள். கோயிலுக்கும் அரசனுக்கும் வரையாமல், சந்தைக்கு வரைந்து பிழைக்க ஆவர்காம்பால் முடிந்தது. வாயால் விண்ணப்பித்துப் புரவலரைப் பிடிக்க வேண்டிய நாடாக இருந்திருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

காம்பனில் அவர் தேடியது என்ன என்பது ஆற்றங்கரையில் நடந்தபோது ஓரளவு புரிந்தது. ஐஸல் இங்கே அகலமானது, கரை தட்டையானது. எந்தப் பக்கம் நின்றாலும் மேடு கிடையாது. அவர் வரைந்த அந்த உயரமான பார்வை இந்த ஊரில் எந்த இடத்திலிருந்தும் கிடைப்பதில்லை. அது அவர் மனத்தில் ஏறி நின்ற மேடு. காட்சிகளும் பெரும்பாலும் அப்படியே. காம்பனின் ஒரு கோபுரம், எங்கோ பார்த்த ஒரு கோட்டை, கோட்டோவியத்திலிருந்து எடுத்த ஒரு ஆள் என்று சேர்த்துச் சேர்த்துக் கட்டிய ஊர்கள்.

கரையோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், வந்த காரணத்தைக் கேட்டார். சொன்னேன். "1963இல் இந்த ஆறு உறைந்தது. நான் சின்னப் பையன். அப்பா என் கையைப் பிடித்து அக்கரைக்கு நடத்திக்கொண்டு போனார்" என்றார். இப்போது உறைவதில்லையா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். ஃப்ரீஸ்லாந்தின் பதினோரு ஊர்களைப் பனிமேல் சுற்றிவரும் சுமார் 200 கிலோமீட்டர் பந்தயம் கடைசியாக நடந்தது 1997 ஜனவரியில். அதற்குப் பிறகு பனி அந்தத் தடிமனுக்கு வரவேயில்லை. ஆவர்காம்ப் வரைந்த குளிர்காலத்தை இனி அவர் பலகைகளில்தான் இந்த நாட்டுப் பிள்ளைகள் பார்க்க முடியும் என்பது பெரியவரின் முகத்தில் எழுதியிருந்தது. அவருக்கு ஆவர்காம்ப் ஊர்க்காரர். ஓவியரின் பெயரை அவர் சொல்லவில்லை. 'காம்பன் ஊமை' என்று ஊர் வழங்கிய பட்டத்தைத்தான் வாஞ்சையோடு சொன்னார். 400 ஆண்டாகியும் ஏலக்கடை எழுத்தரின் பழக்கம் போகவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது.

பெரிய கோயிலுக்குள் நுழைந்தேன். புனித நிக்கோலஸ் கோயில். ஊரார் போவன்கெர்க் என்கிறார்கள். வெள்ளையடித்த தூண்கள் மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. சீர்திருத்தக் காலத்தில் சிலைகளும் பீடங்களும் நீங்கியதால் உள்ளே வெளிச்சத்துக்குத் தடையே இல்லை. 1634 மே 15 அன்று ஹென்ட்ரிக்கை இங்கே அடக்கம் செய்தார்கள். வயது 49.

அதற்குச் சில மாதம் முன்பு, 1633 இறுதியில், தாய் பேயாட்ரிக்ஸ் ஓர் உயில் எழுதினார். மணமாகாத மூத்த மகன், பேச்சில்லாதவன், பாவப்பட்டவன் என்று அதில் ஹென்ட்ரிக்கைக் குறிப்பிட்டு, தனக்குப் பிறகு அவன் அல்லல்படக் கூடாது என்று கவலைப்படுகிறார். சொத்தில் அவன் பங்குக்கு மேல், ஆயுள் உள்ளவரை ஆண்டுக்கு 100 கில்டர் அவனுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறார். அன்றைய ஒரு நல்ல கைவினைஞரின் ஆண்டுக் கூலியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்த உயிலைப் படித்துவிட்டுச் சிலர் ஆவர்காம்பைக் கையாலாகாதவராக, தனிமையில் வாடியவராகக் கற்பனை செய்கிறார்கள். எனக்கு அது ஒரு தாயின் கணக்கு என்று மட்டுமே படுகிறது. மகன் பேர்பெற்ற ஓவியர் என்பது அவருக்குத் தெரியும். தான் போன பிறகு அவனுக்காகக் கடைக்காரனிடமும் வக்கீலிடமும் பேச யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. என் பாட்டி சித்தப்பாவைப் பற்றிக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்ததும் இதே கேள்விதான். சித்தப்பா அப்போது நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஹென்ட்ரிக்கை மதிப்பிட உயிலை விட நல்ல சாட்சி ஒன்று காம்பனிலேயே உண்டு. தம்பி மகன் பாரென்ட், 1612 வாக்கில் பிறந்தவன், பெரியப்பாவிடம்தான் ஓவியம் படித்தான். பலகைக்கு எத்தனை பூச்சு அடிப்படை, தூரத்து ஆளுக்கு நிறத்தை எவ்வளவு வெளிற வைப்பது, பனிமேல் விழும் நிழலுக்கு எந்தக் கலவை என்று ஆயிரம் நுணுக்கம் உள்ள தொழில். வாயைத் திறக்காமல் ஒருவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றியிருக்கிறார். பாரென்ட் 1679 வரை வாழ்ந்து, சறுக்குகிறவர்களையும் பந்தடிக்கிறவர்களையும் சறுக்குவண்டிக்காரர்களையும் வரைந்தான். பெரியப்பாவின் வேலை எது, தம்பி மகனின் வேலை எது என்று நிபுணர்கள் தடுமாறும் அளவுக்கு அவனுடைய தொடக்க காலப் படங்களில் அந்தக் கை இறங்கியிருக்கிறது.